மீரான் பாய் சொல்லாத காரணம்

டீசல் வண்டிக்கு என்ன சீக்கு என்று கண்டுபிடிப்பதில் நாகூர் மீரானை அடித்துக்கொள்ள உக்கடத்தில் ஆள் கிடையாது. அந்தச் சீக்கு எதனால் வந்தது என்று வண்டிக்காரரிடம் சொல்லச் சொன்னால், அவரைப்போல ஒரு தொடைநடுங்கியும் உக்கடத்தில் கிடையாது. இந்த இரண்டையும் இருபத்திரண்டு வருடமாக அடுத்த பட்டறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பெயர் சசிதர், லேத் வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். மீரான் பாய்க்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தால் யாருக்கும் நீளும்.

ஒருமுறை ஒருவர் டீசல் காரில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். தப்பு முழுக்க அவருடையது. பாய் டேங்கை மோந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், "வண்டிக்குச் சாப்பாடு சித்தெ ஒத்துக்கலீங்க" என்றார். அந்த ஆள் நிம்மதியாகப் போய் அடுத்த மாதமும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு வந்தார். இன்னொருவர் நாலு வருடம் ஏர் ஃபில்டரைத் திறக்காமலே ஓட்டியதில் உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. "உள்ள விருந்தாளிக வந்திருக்கறாங்க" என்றார் பாய். எலிக்கு மரியாதை! கோயமுத்தூர்க்காரர்கள் எல்லோருமே 'ங்க' போட்டுப் பேசுகிறவர்கள்தான், நானும் போடுவேன். ஆனால் இவர் பட்டறைக்குள் நுழைந்த தெருநாயிடம் "அக்கட்டால போறீங்களா" என்று கேட்பவர். துருப்பிடித்துக் கழலாத நட்டைப் பிடித்துக்கொண்டு "வந்துருங்க, வந்துருங்க" என்று கெஞ்சுவார். அதுவும் சில சமயம் வந்துவிடும், அதுதான் எனக்கு எரிச்சல்.

இதற்குக் காரணம் அவருடைய அத்தா ஷேக் பரீத். கோட்டைமேட்டில் லாரி மெக்கானிக். கைராசிக்காரர், ஆனால் வாயைத் திறந்தால் அருவருப்பு. அவர் திட்டிய திட்டில் லாரி ஓனர்கள் வண்டியைப் பாதி பிரித்த நிலையிலேயே கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்படிப் போகிறவர்களின் பின்னாலேயே ஓடி, "கோவிச்சுக்காதீங்க, அத்தாவுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லீங்க" என்று சமாதானம் சொல்லிக் கூட்டிவருவது சின்ன வயதில் மீரானின் வேலை. ஓடி ஓடிச் சமாதானம் சொன்ன வாய் அப்படியே பழகிவிட்டது.

அப்படியானால் தொழில் எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். அவர் மனைவி நஃபீசாவால் நடக்கிறது. மத்தியானம் பாய் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். சோற்றைப் பிசைந்துகொண்டே ஒவ்வொரு வண்டிக்கும் உண்மையான காரணத்தைச் சொல்வார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பார். "ஏனுங்க, மீரான் பாய் ஊட்லருந்து பேசறனுங்க. நீங்க பெட்ரோல் ஊத்திப்போட்டீங்க. இனி மூடியில என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுப்போட்டு ஊத்துங்க. வெச்சர்றனுங்க." அவ்வளவுதான். பாய் கண்டுபிடிப்பார், நஃபீசா அறிவிப்பார். இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது, ராசாத்தாக்காவின் ஜீப் வரும் வரைக்கும்.

ராசாத்தாக்காவுக்கு ஊர் தொண்டாமுத்தூரைத் தாண்டி. வயது ஐம்பத்தெட்டு. வீட்டுக்காரர் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. தென்னந்தோப்பு கீழே இருக்கிறது, ஆட்டுப்பட்டியும் கருவேப்பிலைக் காடும் ஒரு கரட்டுக்கு மேலே. கரடு என்றால் மலையும் இல்லாத மேடும் இல்லாத பாறைக்குன்று, எங்கள் பக்கம் நிறைய உண்டு. அதன் மேல் போகும் தடத்தில் வேறெந்த வண்டியும் ஏறாது, அவர் வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட பழைய டீசல் ஜீப் மட்டும்தான் ஏறும். நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி. நாற்பத்தேழு வயதில் அக்கா தானாகவே அதை ஓட்டிப் பழகினார். பழகிய மாதத்தில் இரண்டு தென்னங்கன்றையும் பம்ப்செட் ரூம் சுவர் ஒன்றையும் காலி செய்தார். அதற்குப் பிறகு எங்கே போவதற்கும் அவர் யாரையும் எதிர்பார்த்து நின்றதில்லை.

அந்த ஜீப்புக்குத்தான் ஐப்பசியில் சீக்கு வந்தது. கரட்டில் கால் மணி நேரம் ஏறியதும் இழுவை குறையும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பம்மும். அப்புறம் நின்றுவிடும். செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. அரைமணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். சமதளத்தில் மெதுவாக உருட்டினால் மட்டும் சமாளித்துக்கொள்ளும்.

"ஏனுங்க பாய், இது நடிக்குதுங்களா?" என்று கேட்டார் ராசாத்தாக்கா, முதல்முறை உக்கடத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது.

"இல்லீங்கக்கா, பாவமுங்க அது" என்றார் பாய்.

டீசல் ஃபில்டரில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. மாற்றினார். கைப்பம்பை அடித்து லைனில் இருந்த காற்றை எடுத்தார். அருமையாக ஓடியது. ஐந்தாம் நாள் அக்கா திரும்பி வந்தார். இந்தத் தடவை டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் சப்பையாகிக் கிடந்தது. யாரோ உறிஞ்சி இழுத்ததுபோல இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தது. பாய் புது ஹோஸ் போட்டார், ஃபீட் பம்பையும் பிரித்துப் பார்த்தார். மறுவாரம் அக்கா மறுபடியும் வந்தார். பாய் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பார்த்தார். தனியாக ஒரு கேனில் டீசலை ஊற்றி மேலே கட்டி, அதிலிருந்து நேராக இஞ்சினுக்குக் குழாய் விட்டுப் பார்த்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜீப் குதிரைபோல நின்று உறுமியது. ஆக இஞ்சினில் கோளாறு இல்லை, டேங்கில்தான் என்று முடிவு கட்டி, டேங்கையே இறக்கிக் கழுவினார். நாலு நாள் கழித்து கரட்டில் நின்றுவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ஜீப்பின் டேங்க் மூடியில் ஒரு பொட்டு இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம். ஆயுத பூசை நோம்பிக்கு எல்லோரும் வண்டிக்கு வைப்பதுதான். அக்கா முன்கண்ணாடி, ஸ்டியரிங், இரண்டு லைட்டு என்று வைத்துவிட்டு, மிச்சம் இருந்த சந்தனத்தைப் பார்த்து, டீசல் குடிக்கிற வாய்க்கும் வைத்தால் என்ன என்று இந்த வருடம்தான் புதிதாக ஆரம்பித்திருந்தார். ஆரம்பித்தவர் வெள்ளிக்கிழமைதோறும் வைத்தார். பழையதன் மேலேயே புதியது. பாய் அந்த மூடியைக் கையாண்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுத்தமான துணியால் விளிம்பை மட்டும் பிடித்துத் திருகுவார். தரையில் வைக்க மாட்டார். தன் மேசையில் இருந்த ரசீதுப் புத்தகம், ஸ்பேனர், டீ கிளாஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி, வெள்ளைத் தாள் விரித்து, பொட்டு மேலே பார்க்கும்படி வைப்பார். டேங்கை உள்ளும் புறமும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாரே, அன்றைக்கும் மூடியை மட்டும் தொடவில்லை.

ஒரே ஒரு முறை அவர் கை பட்டு சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. பாய் முகம் கறுத்துப்போய் அக்காவிடம் போய் நின்றார்.

"அக்கா, பொட்டு கொஞ்சம் கலைஞ்சுபோச்சுங்க. மன்னிச்சுக்கோங்க."

"அதுக்கென்னுங்க, வெள்ளிக்கெழம வெச்சுக்கறேன்" என்றார் அக்கா. அப்புறம் சிரித்துக்கொண்டே, "அவிய போனப்பறம் எனக்குத்தான் வெக்கக்கூடாதுன்னாங்க. வண்டிக்கு வெக்கறத யாரு கேக்கறது?" என்றார்.

அதைக் கேட்ட பாய் அன்று சாயங்காலம் வரை நட்டிடம்கூடப் பேசவில்லை.

அந்த வாரம் ஜீப் வெள்ளிக்கிழமை வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. சனிக்கிழமை நின்றது. "ஏனுங்க பாய், வண்டிக்குச் சனி புடிச்சிருக்குதுங்களாட்ட" என்று போன் செய்த அக்கா, அந்த வாரம் எள் விளக்குப் போட்டு வண்டிக்கு இன்னும் கொஞ்சம் சந்தனம் எச்சாகவே வைத்தார். வெள்ளிக்கிழமை வைத்தது, சனிக்கிழமை நின்றது. ஒரு குழந்தைகூடக் கணக்குப் போட்டிருக்கும். பாய் போடவில்லை, நானும் போடவில்லை, ஏனென்றால் அந்தப் பொட்டை நாங்கள் இருவரும் வண்டியின் பாகமாகவே நினைக்கவில்லை.

கார்த்திகையில் விஷயம் முற்றியது. கரட்டில் பாதித் தடத்தில் ஜீப் நின்று, மழையும் பிடித்து, போனும் எடுக்காத இடத்தில் அக்கா இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டார். மகன் சபரீஷ் கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கிறான். நல்ல பையன், பயந்த சுபாவம். ஓடிவந்து அம்மாவை நனைந்த கோலத்தில் பார்த்ததும் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி சரியாகவில்லை என்றால் விற்றுவிடுவது. வண்டி இல்லாவிட்டால் ஆடு எதற்கு, அதையும் விற்றுவிடுவது. ஆடு இல்லாவிட்டால் தோப்பில் தனியாக அம்மாவுக்கு என்ன வேலை, கருமத்தம்பட்டிக்கு வந்து மகன் வீட்டில் இருப்பது. வாங்குகிற ஆளையும் பிடித்துவிட்டான். அவினாசி ரோட்டில் ஓட்டல் கட்டிக்கொண்டிருக்கும் கந்தப்பன் என்பவர். ஓட்டல் வாசலில் ஜீப்பை நிறுத்தி, பானட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே மண் கொட்டிச் செவ்வந்தி வைப்பதாக அவருக்கு யோசனை.

"பூந்தொட்டியாக்கப் போறாங்களாம்" என்றார் ராசாத்தாக்கா வியாழக்கிழமை பட்டறைக்கு வந்து. வண்டியைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம். கண் கலங்கியிருந்தது. "அங்க மூணாவது மாடிங்க. கீழ எறங்கோணும்னாலும் ஒருத்தரக் கேக்கோணும். பாய், ஏதாச்சும் பண்ணுங்க."

பாய் கையைத் துடைத்தார். "வண்டி சாகறப்ப நான் பக்கத்துல இருக்கோணுங்க. இதுவரைக்கும் செத்துப் பொழச்சப்பறம்தானுங்க பாத்திருக்கறேன். வாங்க போலாமுங்க. சசி, நீங்களும் வாங்க, தள்ளறதுக்கு ஆளு வேணுமுங்க."

போனோம். கரட்டில் ஏறினோம். பதினைந்தாவது நிமிடம் பாறைக்கும் முள்ளுக்கும் நடுவில் ஜீப் பம்மியது, இருமியது, நின்றது. செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லை. பாய் குதித்து இறங்கி, ஓடிப்போய், துணியால் விளிம்பைப் பிடித்து டேங்க் மூடியைத் திருகினார்.

"ஸ்ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். டேங்க் பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. உண்மையில் விடவில்லை, வாங்கியது.

"அக்கா, இப்ப ஒருக்கா அடிங்க" என்றார் பாய். ஒரே சுற்றில் பிடித்தது.

பாய் மூடியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு குண்டூசித் துவாரம் உண்டு. டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்கான வழி. அதில் மேலிருந்து இறங்கிய சந்தனம் காய்ந்து கெட்டியாக அடைத்திருந்தது. பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"என்னங்க பாய், தெரிஞ்சுதுங்களா?" என்று ஸ்டியரிங்கிலிருந்து எட்டிப்பார்த்தார் அக்கா.

பாய் மூடியைப் பூப்போலத் திரும்ப மூடினார். "பாக்கறேனுங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். அவர் எண்ணெய் டின் கதையைச் சொன்னார். டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் மக்கு மக்கென்று வந்து நின்றுவிடும், எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும், அதே கதைதானுங்க இது என்றார். எனக்கு அது தெரியாதா என்ன? நான் பேசிக்கொண்டிருந்தது வேறு.

"அங்கயே சொல்லித் தொலைக்கறதுக்கென்னங்க?"

"எப்படிங்க சொல்றது? அக்கா அன்னைக்குச் சொன்னதக் கேட்டீங்கள்ல. வண்டிக்கும் வெக்காதீங்கன்னு நான் போயிச் சொல்றதாங்க?"

"அப்ப நான் சொல்றேன்."

"வேண்டாமுங்க. நீங்க சொன்னா அடிச்சாப்ல இருக்குமுங்க."

"சரி, புது மூடி கடைஞ்சு தர்றேன். ஓரத்துல ஒரு ஓட்டை போட்டுப்போடலாம்."

"பொட்டு வெச்ச மூடியக் கழட்டிக் குடுங்கன்னு எப்படிங்க கேக்கறது? ஏன்னு கேப்பாங்களே."

பேரூர் வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வழக்கப்படி விஷயம் நஃபீசாவிடம் போனது. அந்த அம்மா முதல்முறையாகப் போனைக் கீழே வைத்துவிட்டார். "ரேடியேட்டர்னா சொல்லுவேன், கிளட்ச்சுன்னா சொல்லுவேன். அவிய சாமி காரியத்துல நான் எப்படிங்க வாய வெக்கறது? அதும் அந்தக்கா மனசுல இருக்கறது தெரிஞ்சப்பறம்? நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பாய் தானே போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். வேர்த்து ஊற்றியது அவருக்கு.

"ஏனுங்கக்கா, சௌக்கியமுங்களா? ஆடெல்லாம் சௌக்கியமுங்களா? ஒண்ணுமில்லீங்க, அந்த டேங்க் மூடி இருக்குதுங்கள்ல, அதுல அலங்காரம் கொஞ்சம் கம்மியா..."

"கம்மியா இருக்குதுங்களா?" என்று அந்தப் பக்கமிருந்து அக்கா இடைமறித்தது எனக்கே கேட்டது. "நானும் நெனச்சேனுங்க பாய். அதேன் வண்டிக்குத் திருப்தி இல்லாம நின்னு நின்னு போகுது. சொன்னீங்களே, நல்லா இருப்பீங்க. இன்னிக்கு எச்சா வெச்சுப்போடறேன்!"

போன் வைக்கப்பட்டது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் லேத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷாஃப்ட் வீணாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தோப்பில் எல்லோரும் கூடிவிட்டார்கள். சபரீஷ் தன் காரிலும் கந்தப்பன் தன் காரிலும் வந்திருந்தார்கள். ஏற்பாடு இதுதான்: அக்கா ஜீப்பைக் கரட்டின் உச்சிவரை நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவில் நின்றால் கந்தப்பன் கட்டி இழுத்துக்கொண்டு போவார். கயிறுகூடக் கொண்டுவந்திருந்தார்.

நானும் பாயும் போய் ஜீப்பைப் பார்த்தோம். டேங்க் மூடி தெரியவே இல்லை. இரண்டு விரல் கனத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம், சுற்றிலும் செவ்வந்தி மாலை. அக்கா மனதாரச் செய்திருந்தார். பாய் என்னை ஓரமாக இழுத்துச் சட்டைப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே நஃபீசா கொடுத்துவிட்ட ஒரு நீள ஊசி, கோணிப்பை தைப்பது.

"யாருக்கும் தெரியாம ஒரு குத்துங்க. காத்து போயிருமுங்க. பொட்டும் கலையாதுங்க, அக்கா மனசும் நோகாதுங்க. நீங்க அவங்கள சித்தெ பேச்சுல புடிச்சு வெய்ங்க."

நான் கந்தப்பனிடம் போய் ஓட்டலில் என்ன சட்னி போடப்போகிறார் என்று விசாரித்தேன். மனுஷன் நாலாவது சட்னியில் இருக்கும்போது சபரீஷ் அலறினான்.

"ஏனுங்க பாய்! எங்கம்மா வெச்ச பொட்டுல எதுக்குங்க ஊசி குத்தறீங்க?"

எல்லோரும் திரும்பினோம். பாய் மாலையை ஒரு கையால் விலக்கி, மற்றொரு கையில் ஊசியைச் சந்தனத்தில் பாதி இறக்கியபடி, கன்றுக்குட்டி மாதிரி விழித்துக்கொண்டு நின்றார். அவர் நிற்கிற நிலையைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

கந்தப்பன் இரண்டடி பின்னால் போனார். "ஊசி, சந்தனம், குங்குமம், மாலை... இது வேற வேலையாட்ட இருக்குதுங்களே" என்றார். இன்னும் நாலடி பின்னால் போனார். அப்புறம் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்த வெயிலில்.

"வண்டில என்ன கொறைன்னு உங்களுக்குத் தெரியும்" என்றான் சபரீஷ். பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது அவனுக்கு. "தெரிஞ்சுட்டே சொல்லாம இருக்கறீங்க. இப்பச் சொல்லுங்க."

"என்ற தப்புத்தானுங்க" என்று ஆரம்பித்தார் பாய். "மூடிய நான் சரியா மூடலீங்க. டேங்க் கழுவறப்ப நான்தானுங்க..."

பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை. மீதியைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன், அதற்குள் ராசாத்தாக்கா முன்னால் வந்தார்.

"பாய், என்ற மூஞ்சியப் பாத்து நெசத்தச் சொல்லுங்க. இன்னிக்குப் பொழுதோட நான் மூணாவது மாடிக்குப் போகப்போறேன். இதுக்கு மேல நீங்க என்ன மரியாதை பாக்கறீங்க?"

பாய் அவர் முகத்தைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். 

"பொட்டு ஓட்டைய அடைச்சிருக்குது" என்றார்.

அவ்வளவுதான். 'ங்க' இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்ட முதல் மொட்டை வாக்கியம் அது. சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய் ஒரு அடி பின்வாங்கினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

அக்கா கிட்டே வந்து அந்த மூடியைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப நாந்தான் வண்டியோட மூச்சப் புடிச்சுட்டு இருந்தனுங்களா?"

"ஆமாங்க" என்றார் பாய் மெதுவாக. மரியாதை திரும்பி வந்துவிட்டது. "சின்ன ஓட்டைங்க. அதுக்கு மேலதான் நீங்க வெச்சீங்க. வெக்க வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வல்லீங்க."

"வெக்க வேண்டாம்னு யாருங்க சொல்லச் சொன்னது? கொஞ்சம் தள்ளி வெய்யின்னா தள்ளி வெச்சுப்போட்டுப் போறேன்." அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு மாசமுங்க பாய்! எள்ளு வெளக்கெல்லாம் போட்டனே!"

மாலையை எடுத்து ஸ்டியரிங்கில் போட்டார். கட்டைவிரல் நகத்தால் சந்தனத்தை ஒரே சுரண்டு சுரண்டினார். பாளம் பாளமாக வந்தது, ஐப்பசியிலிருந்து வைத்தது அத்தனையும். பாய் ஓடிப்போய் ஊசியால் துவாரத்தைக் குத்தி, வாயால் ஊதிப் பார்த்தார். காற்று போனது. விரலில் ஒட்டியிருந்ததை மூடிக்குப் பக்கத்தில் தகரத்தில் அக்கா வைத்தார். "இங்க வெச்சா மூச்சு முட்டாதுங்களா?"

"முட்டாதுங்க."

சபரீஷ் இத்தனை நேரமும் யோசித்துக்கொண்டு நின்றான். "அம்மா, அப்ப வண்டியக் கெடுத்ததே நீங்கதான். பாத்தீங்களா? இதுக்குத்தான் சொல்றேன். வயசாச்சு. நாளைக்கு வேற எதையாச்சும் பண்ணிப்போட்டு நடுக்கரட்டுல நிப்பீங்க. வித்துப்போடலாம், வாங்க."

இதற்குத்தான் பாய் பயந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காரணத்தைச் சொன்னால் அது மகன் கையில் போய்ச் சேரும் என்று அவருக்கு வியாழக்கிழமையே தெரிந்திருக்கிறது. ஆளைத் தொடைநடுங்கி என்று இத்தனை நாள் நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"ஆமா கண்ணு, நாந்தான் கெடுத்தேன்" என்றார் அக்கா. "நானே சரியும் பண்ணிப்போட்டேன். உச்சிக்குப் போனா வண்டி எனக்குன்னுதான பேச்சு? அக்கட்டால தள்ளி நில்லு."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். யாரையும் கூட ஏற்றிக்கொள்ளவில்லை. ஜீப் உறுமிக்கொண்டு முள்ளுக்குள் நுழைந்து மறைந்தது. நாங்கள் கீழே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம். பன்னிரண்டு. எப்போதும் நிற்கிற அந்தப் பதினைந்தாவது நிமிடம் வந்தபோது பாய் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதினார். சத்தம் குறையவில்லை, போய்க்கொண்டே இருந்தது. பாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துச் சத்தம் நின்றது.

காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டோம். செல்ஃப் அடிக்கிற சத்தமும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கந்தப்பன் கார்க் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி, "நின்னு போச்சுங்களா?" என்று கேட்டார், கயிற்றைத் தேடிக்கொண்டே. "அம்மா!" என்று கத்திக்கொண்டு சபரீஷ் ஓட ஆரம்பித்தான். அவன் பின்னால் பாய், பாய் பின்னால் நான். ஐம்பது வயதுக்கு மேல் கரட்டில் ஓடக்கூடாது. பாய் வழி நெடுக, "வேற என்ன இருக்கும், ஃபீட் பம்ப்பாங்க, நாசிலாங்க, அல்லாவே, நான் எதை விட்டேன்" என்று புலம்பிக்கொண்டே வந்தார். அவர் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்தேன், வேர்வை என்று பிறகு சாதித்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து, மூச்சு வாங்க, முள் கிழித்த காலோடு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜீப் ஆட்டுப்பட்டிக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தது. ராசாத்தாக்கா டிரைவர் சீட்டில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒரு குட்டிக்குக் கருவேலங்காய் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"நின்னு போச்சுங்களாம்மா?" என்றான் சபரீஷ், முட்டியைப் பிடித்துக் குனிந்தபடி. 

அக்கா எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அது எங்க கண்ணு நின்னுது?" என்றார். "நானா நிறுத்துனேன்."